கூட்டு மாத்திரையா, ஒற்றை ஹார்மோன் மாத்திரையா: கருத்தடைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

கருத்தடை மாத்திரை போட முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த பிராண்ட் நல்லது?" அது கடைசியாக வர வேண்டிய கேள்வி. உங்கள் உடம்புக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஆகுமா, ஆகாதா என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்தது, தினமும் எவ்வளவு தூரம் நேரம் தவறாமல் மாத்திரை போட உங்களால் முடியும் என்பது. இந்த இரண்டுக்கும் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்லிவிட்டால், பத்துப் பதினைந்து பெயர்களில் இரண்டு மூன்றுதான் மிஞ்சும்.

தினசரி மாத்திரைகள் அடிப்படையில் இரண்டே வகை. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்தது கூட்டு மாத்திரை. புரோஜெஸ்டின் மட்டும் உள்ளது ஒற்றை ஹார்மோன் மாத்திரை; மினி பில் என்றும் சொல்வார்கள். ஒரு நாள்கூட விடாமல் சரியாகப் போட்டால், எந்த வகையாக இருந்தாலும் ஓர் ஆண்டில் 100 பெண்களில் ஒருவருக்கும் குறைவாகவே கரு தங்கும். நடைமுறையில் மறதி, வாந்தி, தாமதமாகத் தொடங்கிய புது அட்டை எல்லாம் சேர்ந்து அந்த எண்ணிக்கை 7 வரை போகிறது. இந்த வித்தியாசம் முழுக்க முழுக்கப் பயன்படுத்தும் விதத்தால் வருவது. அதனால் உங்களால் ஒழுங்காகத் தொடர முடிகிற மாத்திரையே உங்களுக்கு நல்ல மாத்திரை.

ஈஸ்ட்ரோஜன் யாருக்கு ஆகாது

ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. கூட்டு மாத்திரையின் பெரிய ஆபத்துகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகின்றன: காலின் ஆழ்நாளத்தில் ரத்தக்கட்டி, அது நகர்ந்து நுரையீரலில் அடைப்பது, மிக அரிதாகப் பக்கவாதமும் மாரடைப்பும்.

கீழே சொல்வதில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினாலும் கூட்டு மாத்திரையைத் தவிர்த்துவிடுங்கள். 35 வயதைத் தாண்டிப் புகைபிடிப்பவர்கள். ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பவர்கள். 160/100-ஐத் தொட்டுவிட்டால் பேச்சுக்கே இடமில்லை. முன்பு எப்போதாவது ரத்தக்கட்டி, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்கள். ரத்தம் உறையும் பரம்பரைக் குறைபாடு இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தவர்கள். மார்பகப் புற்றுநோய், கடுமையான கல்லீரல் நோய், கண்ணையோ சிறுநீரகத்தையோ பாதித்துவிட்ட சர்க்கரை நோய் உள்ளவர்கள். பாலூட்டும் தாய்மார்கள் முதல் 6 வாரங்களில் கண்டிப்பாகத் தொடக் கூடாது, 6 மாதம் வரை பொதுவாகத் தள்ளிப்போட வேண்டும். பாலூட்டாதவர்களும் பிரசவமான முதல் 21 நாள் வரை எடுக்கக் கூடாது. பல நாள் படுத்தே இருக்க வேண்டிய பெரிய அறுவை சிகிச்சை வருகிறது என்றால், 4 வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு நிறுத்தி, வேறு முறைக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

ஒற்றைத் தலைவலியை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் தவறிப்போவது இதுதான். தலைவலி வருவதற்கு முன் கண்முன்னே கோணல்மாணலாக ஒளிக்கோடுகள் ஓடுவது, பார்வையில் ஒரு பகுதி மறைவது, ஒரு பக்கக் கையோ முகமோ மரத்துப்போவது, பேச்சு குழறுவது போன்றவை 5 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை இருந்து மறையும். இதற்கு ஆரா என்று பெயர். ஆராவோடு வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குக் கூட்டு மாத்திரை எந்த வயதிலும் கூடாது, பக்கவாத ஆபத்து கூடும். "அடிக்கடி தலை வலிக்கும்" என்று மட்டும் மருத்துவரிடம் சொன்னால் இந்த விவரம் வெளியே வராமலே போய்விடும். கண்ணில் என்ன தெரிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கூட்டு மாத்திரை தொடங்கும் முன் கட்டாயமாகச் செய்ய வேண்டிய அளவீடு ரத்த அழுத்தம் ஒன்றுதான். மற்றதெல்லாம் கேள்வி பதிலிலேயே தெரிந்துவிடும். ஆரோக்கியமான பெண்ணுக்கு உள் பரிசோதனையோ ஹார்மோன் பரிசோதனையோ முன்நிபந்தனை கிடையாது.

ஒற்றை ஹார்மோன் மாத்திரைக்கு இவ்வளவு பெரிய தடைப் பட்டியல் இல்லை. மார்பகப் புற்றுநோய், கடுமையான கல்லீரல் நோய், காரணம் தெரியாத ரத்தப்போக்கு ஆகியவைதான் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை. புகைபிடிப்பவர், ரத்த அழுத்தம் உள்ளவர், ஆரா உள்ளவர், பாலூட்டுபவர் எல்லோருக்கும் பெரும்பாலும் இது ஏற்றது. 2023 ஜூலையில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருந்துச்சீட்டே இல்லாமல் விற்க முதன்முதலாக அனுமதித்த தினசரி கருத்தடை மாத்திரையும் இந்த வகைதான்: 0.075 மில்லிகிராம் நார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டின்.

பயம் எவ்வளவு நியாயம்

1960-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் 150 மைக்ரோகிராம் இருந்தது. இன்றைய கூட்டு மாத்திரைகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது 20 முதல் 35 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ரடியால் என்ற ஈஸ்ட்ரோஜன். மூத்தவர்கள் சொல்லும் எச்சரிக்கைகளில் ஒரு பகுதி அந்தப் பழைய அளவுகளின் காலத்தது.

ஆனாலும் ஆபத்து பூஜ்ஜியம் ஆகிவிடவில்லை. ஐரோப்பிய மருந்து முகமை 2013-ல் தொகுத்த கணக்குப்படி, மாத்திரை எடுக்காத, கர்ப்பமாகவும் இல்லாத 10,000 பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 பேருக்கு ரத்தக்கட்டி வருகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல், நார்எதிஸ்டிரோன், நார்ஜெஸ்டிமேட் ஆகிய புரோஜெஸ்டின் வகைகள் சேர்ந்த கூட்டு மாத்திரைகளில் அது 5 முதல் 7. டெசோஜெஸ்ட்ரல், ஜெஸ்டோடின், டிரோஸ்பிரினோன் சேர்ந்தவற்றில் 9 முதல் 12. கர்ப்ப காலத்திலும், குறிப்பாகப் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் வரும் ஆபத்து இவை எல்லாவற்றையும்விட அதிகம். தடை எதுவும் இல்லாத ஒரு பெண் முதல்முறை கூட்டு மாத்திரை தொடங்கும்போது 30 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ரடியாலும் 150 மைக்ரோகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரலும் உள்ளதைப் பரிந்துரைப்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

முதல் ஆண்டில், அதிலும் முதல் சில மாதங்களில்தான் ரத்தக்கட்டி ஆபத்து அதிகம். ஒரு மாதமோ அதற்கு மேலோ நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால் அதே ஆபத்து திரும்பவும் வரும். "உடம்புக்கு ஓய்வு கொடுக்கிறேன்" என்று அவ்வப்போது நிறுத்தித் தொடங்குவதால் நன்மை ஒன்றும் இல்லை, கெடுதல்தான்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீரென மூச்சு வாங்குவது, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு வலிப்பது, இதுவரை இல்லாத கடும் தலைவலி, பார்வை மங்குவது, ஒரு பக்கம் பலவீனமாவது, தாங்க முடியாத வயிற்று வலி: இவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாத்திரை எடுப்பதை அங்கே முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் ஒப்பீடு முழுமை பெறாது. கூட்டு மாத்திரை மாதவிடாய் வலியையும் ரத்தப்போக்கையும் குறைக்கிறது. சினைப்பைப் புற்றுநோய், கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் இரண்டின் ஆபத்தையும் குறைக்கிறது; நிறுத்திப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அந்தப் பயன் நீடிக்கிறது. மார்பகப் புற்றுநோய் ஆபத்து எடுக்கும் காலத்தில் சிறிதளவு கூடி, நிறுத்தியபின் மெல்லக் குறைகிறது. உடல் எடை கணிசமாகக் கூடும் என்ற பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை.

கடிகாரம் யாருக்கு ஒத்துவரும்

ஒற்றை ஹார்மோன் மாத்திரை பாதுகாப்பானது என்றால் எல்லோருக்கும் அதையே கொடுத்துவிடலாமே? இங்கேதான் கடிகாரம் குறுக்கே வருகிறது.

பழைய வகை மினி பில், அதாவது லெவோநார்ஜெஸ்ட்ரல், நார்ஜெஸ்ட்ரல் அல்லது நார்எதிஸ்டிரோன் மிகக் குறைந்த அளவில் உள்ளவை, எல்லா மாதமும் கருமுட்டை வெளியேறுவதைத் தடுப்பதில்லை. கருப்பை வாயில் உள்ள சளியைக் கெட்டியாக்கி விந்தணுவை உள்ளே விடாமல் நிறுத்துவதே அவற்றின் முக்கிய வேலை. அந்தக் கெட்டித்தன்மை ஒரு நாளைத் தாண்டியதுமே தளரத் தொடங்கும். அதனால் தினமும் போடும் நேரத்திலிருந்து 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் அது தவறிய மாத்திரை. டெசோஜெஸ்ட்ரல் 75 மைக்ரோகிராம் கருமுட்டை வெளியேறுவதையே பெரும்பாலும் நிறுத்திவிடுவதால் 12 மணி நேரம் வரை பொறுக்கும். டிரோஸ்பிரினோன் 4 மில்லிகிராம் மாத்திரை 24 மணி நேரம் வரை பொறுக்கும். அதில் மட்டும் 24 மருந்து மாத்திரை, 4 வெற்று மாத்திரை என்ற அமைப்பு உண்டு. மற்ற மினி பில்களில் வெற்று நாள் கிடையாது, அட்டை முடிந்த மறுநாளே அடுத்த அட்டை. பழக்கத்தில் ஒரு வாரம் இடைவெளி விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள், அந்த வாரம் முழுவதும் பாதுகாப்பே இல்லை.

மினி பில் தவறினால் ஞாபகம் வந்ததும் ஒன்றைப் போட்டு, அடுத்ததை வழக்கமான நேரத்தில் போட வேண்டும். அடுத்த 2 நாள் ஆணுறை தேவை, டிரோஸ்பிரினோன் என்றால் 7 நாள். ஷிஃப்ட் மாறி மாறி வேலை செய்பவர்களுக்கும் தூங்கும் நேரம் நிலையில்லாதவர்களுக்கும் 3 மணி நேர மாத்திரையைத் தருவது அவர்களைத் தோற்க வைப்பதற்குச் சமம். ஈஸ்ட்ரோஜன் ஆகாதவர்கள் அப்படிப்பட்ட வேலையில் இருந்தால் டெசோஜெஸ்ட்ரலையோ டிரோஸ்பிரினோனையோ கேட்டு வாங்குங்கள். டிரோஸ்பிரினோன் ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியது. சிறுநீரக நோய் இருந்தாலோ, பொட்டாசியத்தைக் கூட்டும் ரத்த அழுத்த மருந்துகள் எடுத்தாலோ முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மினி பில்லை இடையில் கைவிடுபவர்கள் அதிகம் சொல்லும் காரணம் ஒழுங்கற்ற ரத்தக்கசிவு. சிலருக்கு மாதவிடாய் நின்றே போகும், சிலருக்கு இடையிடையே திட்டுத்திட்டாகப் படும். மருந்து வேலை செய்யவில்லை என்பதற்கு இது அடையாளம் அல்ல. மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கலாம். நாள் தெரிந்து வரும் ஒழுங்கான ரத்தப்போக்கு வேண்டும் என்பவர்களுக்கு, தடை ஏதும் இல்லையென்றால், கூட்டு மாத்திரைதான் பொருந்தும்.

கூட்டு மாத்திரையின் அட்டையும் அந்த ஏழு நாளும்

கூட்டு மாத்திரை ஒரு நாள் தாமதத்தைத் தாங்கும். அதற்கும் ஒரு பலவீனமான இடம் உண்டு: மருந்தில்லாத வாரம். 21 மாத்திரை அட்டையில் 7 நாள் ஒன்றும் போடுவதில்லை. 28 மாத்திரை அட்டையில் அந்த 7 நாளுக்கு வேறு நிறத்தில் வெற்று மாத்திரையோ இரும்புச்சத்து மாத்திரையோ இருக்கும். அந்த வாரத்தில் சினைப்பை மெல்ல விழித்துக்கொள்கிறது, கருமுட்டைப் பை வளரத் தொடங்குகிறது. எட்டாம் நாள் புது அட்டை தொடங்கினால் வளர்ச்சி நின்றுவிடும். ஒன்பது, பத்து நாள் என்று நீண்டால் கருமுட்டை வெளியேறிவிடலாம். ஆகவே மிக ஆபத்தான மறதி, அட்டையின் முதல் மாத்திரைகளை மறப்பது. நடுவில் ஒன்றை மறப்பது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை.

மறதி உள்ளவர்கள் 28 மாத்திரை அட்டையையே வாங்குங்கள். தினமும் ஒன்று என்ற பழக்கம் அறுபடாது, புது அட்டை தொடங்கும் நாளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதும் இல்லை. 24 மருந்து, 4 வெற்று என்று வரும் அட்டைகளில் இடைவெளியும் சிறியது. உண்மையில் அந்த இடைவெளிக்கு மருத்துவ அவசியம் எதுவும் இல்லை. அப்போது வருவது ஹார்மோன் விலகியதால் ஏற்படும் ரத்தப்போக்குதான், இயல்பான மாதவிடாய் அல்ல. மூன்று அட்டைகளைத் தொடர்ந்து போட்டுவிட்டு ஒரு முறை 4 நாள் இடைவெளி விடுவது போன்ற முறைகளும் பாதுகாப்பானவை. அடிக்கடி முதல் மாத்திரையை மறப்பவர்களுக்கும் மாதவிடாய் நாட்களில் கடும் வலி உள்ளவர்களுக்கும் அது நல்ல தீர்வு. ஹார்மோன் அளவு மூன்று கட்டமாக மாறும் மூன்று நிற அட்டைகளில் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இப்படிச் செய்ய வேண்டாம்.

மறந்துவிட்டால் செய்ய வேண்டியது இது. ஒரு மாத்திரை மட்டும் தவறி, போட வேண்டிய நேரத்திலிருந்து 48 மணி நேரம் ஆகவில்லை என்றால், ஞாபகம் வந்ததும் அதைப் போட்டுக்கொண்டு அடுத்ததை வழக்கமான நேரத்தில் போடுங்கள். ஒரே நாளில் இரண்டு போட நேர்ந்தாலும் பரவாயில்லை, கூடுதல் பாதுகாப்பு தேவையில்லை. இரண்டோ அதற்கு மேலோ தொடர்ந்து தவறினால், அதாவது 48 மணி நேரம் தாண்டினால், கடைசியாகத் தவறிய ஒன்றை மட்டும் போட்டுவிட்டு அதற்கு முந்தையவற்றைத் தூக்கி எறிந்துவிடுங்கள். பிறகு தொடர்ந்து 7 நாள் மாத்திரை போடும்வரை ஆணுறை வேண்டும். சினைப்பையை மீண்டும் அடக்க ஏழு மாத்திரை தேவைப்படுவதால்தான் இந்த 7 என்ற எண். தவறியது மருந்து மாத்திரைகளின் கடைசி வாரத்தில் என்றால் வெற்று மாத்திரைகளை விட்டுவிட்டு நேராகப் புது அட்டைக்குப் போய்விடுங்கள். முதல் வாரத்தில் தவறி, முந்தைய 5 நாளில் பாதுகாப்பில்லாத உடலுறவும் நடந்திருந்தால் அவசர மாத்திரை பற்றி யோசிக்க வேண்டும். வெற்று மாத்திரையை மறந்தால் ஒன்றுமே இல்லை, அதைத் தள்ளிவிட்டு அட்டவணையைத் தொடருங்கள்.

மாத்திரை போட்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போடுங்கள். கடும் வாந்தியோ வயிற்றுப்போக்கோ இரண்டு நாளைத் தாண்டினால் அந்த நாட்களை மாத்திரை தவறிய நாட்களாகவே கணக்கிட வேண்டும்.

வாரம் ஒரு முறை போடும் மாத்திரை

ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் இல்லாத ஆர்மெலாக்ஸிஃபீன் 30 மில்லிகிராம் மாத்திரை சென்ட்குரோமான் என்ற பெயரிலும் அறியப்படுகிறது. மாதவிடாய் முதல் நாளில் தொடங்கி முதல் 3 மாதம் வாரம் இரு முறை, பிறகு வாரம் ஒரு முறை. பாலூட்டுபவர்களும் எடுக்கலாம். வாந்தி, தலைவலி போன்ற ஹார்மோன் தொந்தரவுகள் குறைவு. மாதவிடாய் தள்ளிப்போவது சகஜம், அப்போது கர்ப்பமோ என்ற பதற்றமும் வரும். மாத்திரையை மறந்துபோய் ஒரு வாரத்துக்குள் ஞாபகம் வந்தால் உடனே போட்டு அடுத்த மாதவிடாய் வரை ஆணுறை பயன்படுத்த வேண்டும். 7 நாளைத் தாண்டினால் முதலிலிருந்து வாரம் இரு முறை என்று தொடங்க வேண்டும். தினசரி பழக்கம் ஒத்துவராதவர்களுக்கு இது உதவும், ஆனால் வாரத்தின் கிழமையை மறப்பது தினசரி நேரத்தை மறப்பதைவிட எளிது என்பதை மனதில் வையுங்கள்.

மற்ற மருந்துகளோடு

காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபின், ஃபெனிடாயின், ஃபெனோபார்பிட்டால், சில எச்ஐவி மருந்துகள், செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை ஆகியவை கல்லீரல் ஹார்மோனை வேகமாகக் கரைக்கும்படி செய்துவிடும். அப்போது கூட்டு மாத்திரையும் மினி பில்லும் இரண்டுமே நம்ப முடியாதவை. அந்த மருந்தை நிறுத்திய பிறகும் 4 வாரம் அப்படித்தான். இவர்களுக்கு காப்பர் டி போன்ற வேறு முறைதான் சரி. லாமோட்ரிஜின் எடுப்பவர்களுக்குச் சிக்கல் எதிர்த்திசையில் வரும். கூட்டு மாத்திரை அதன் அளவைக் குறைத்து வலிப்பு திரும்ப வழி செய்யும். அமாக்ஸிசிலின் போன்ற சாதாரண ஆன்டிபயாடிக் கருத்தடையைக் கெடுப்பதில்லை.

அவசர மாத்திரை இவற்றுக்கு மாற்றல்ல

பாதுகாப்பில்லாத உடலுறவுக்குப் பிறகு போடுவது அவசர மாத்திரை: லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் 72 மணி நேரத்துக்குள், யூலிப்ரிஸ்டல் 30 மில்லிகிராம் 120 மணி நேரத்துக்குள். இரண்டும் கருமுட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடுகின்றன, ஏற்கெனவே வெளியேறிவிட்டால் பயனில்லை. முன்னதாகப் போட்டால் பலன் கூடுதல். உடல் எடை 70 கிலோவைத் தாண்டினால் லெவோநார்ஜெஸ்ட்ரலின் பலன் குறையலாம், அவர்களுக்கு யூலிப்ரிஸ்டல் மேல். இவை எல்லாவற்றையும்விட நம்பகமானது 5 நாளுக்குள் போடும் காப்பர் டி. லெவோநார்ஜெஸ்ட்ரலுக்குப் பிறகு தினசரி மாத்திரையை உடனே தொடங்கலாம். யூலிப்ரிஸ்டலுக்குப் பிறகு 5 நாள் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கும். தினசரி மாத்திரையைவிட இவை தரும் பாதுகாப்பு குறைவு. மாதம் ஒரு முறை என்று இதையே வழக்கமாக்கிக்கொள்பவர்கள் தங்களுக்கு ஒத்துவரும் தினசரி முறையை இன்னும் தேடவில்லை என்றே பொருள்.

தொடங்குவதும் மாறுவதும் நிறுத்துவதும்

மாதவிடாய் தொடங்கிய 5 நாளுக்குள் கூட்டு மாத்திரையைத் தொடங்கினால் அன்றிலிருந்தே பாதுகாப்பு. வேறு நாளில், கர்ப்பம் இல்லை என்று உறுதியானால் தொடங்கலாம், ஆனால் 7 நாள் ஆணுறை வேண்டும். மினி பில்லுக்கும் இதே 5 நாள் கணக்குதான், தாமதமாகத் தொடங்கினால் 2 நாள் ஆணுறை போதும். டிரோஸ்பிரினோனை மட்டும் மாதவிடாயின் முதல் நாளே தொடங்க வேண்டும், தவறினால் 7 நாள் ஆணுறை. கூட்டிலிருந்து ஒற்றைக்கு மாறும்போது வெற்று வாரத்தை விடாமல், கடைசி மருந்து மாத்திரைக்கு மறுநாளே புதியதைப் போடுங்கள்.

முதல் மூன்று மாதம் குமட்டல், மார்பு கனத்தல், இடையிடையே ரத்தக்கசிவு இருக்கலாம். இரவு சாப்பாட்டுக்குப் பின் போட்டால் குமட்டல் அடங்கும். மூன்று மாதம் கழித்தும் தொந்தரவு தொடர்ந்தால் அளவையோ புரோஜெஸ்டின் வகையையோ மாற்றலாம். அதற்குள் இரண்டு மூன்று பிராண்ட் மாற்றினால் எது ஒத்துவந்தது, எது ஒத்துவரவில்லை என்று கண்டுபிடிக்கவே முடியாது. மனச்சோர்வு வந்தால் மட்டும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். எந்த மாத்திரையும் பாலியல் நோய்களைத் தடுக்காது, அதற்கு ஆணுறைதான்.

குழந்தை வேண்டும் என்று நிறுத்தினால், உடம்பு சுத்தமாகட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. நிறுத்திய அடுத்த சுற்றிலேயே கரு தங்கலாம். ஆகவே கடைசி அட்டையில் இருக்கும்போதே ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம் தொடங்கிவிடுங்கள். இப்போதைக்குக் குழந்தை வேண்டாம், மாத்திரையை மட்டும் விடுகிறோம் என்பவர்கள் நிறுத்தும் நாளிலிருந்தே வேறு முறை தொடங்கியிருக்க வேண்டும்.